குலுங்கிய கணக்கும் விழுந்த கட்டடமும்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை ஆட்டிய பெரும் நிலநடுக்கத்தில், கருவிகள் பதிந்த குலுக்கல்களிலேயே மிகக் கடுமையானது மியாகி மாகாணத்தின் சுகிதாதே என்ற ஊரில் பதிவானது. அங்கே தரையின் பக்கவாட்டு முடுக்கம் உச்சத்தில் 2.7 ஜி-யைத் தொட்டது. கை நழுவிய தேங்காய் கீழே விழும்போது நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூடுகிறதே, அதுதான் ஒரு ஜி. அதைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. எண்ணை மட்டும் பார்த்தால் ஊரே தரைமட்டமாகியிருக்க வேண்டும். ஆனால் கருவியைச் சுற்றியிருந்த வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. ஓடுகள் சரிந்தன, சுவர்கள் விரிசல் கண்டன. இடிந்து விழுந்தவை மிகச் சிலவே.

இதற்கு 26 ஆண்டுகளுக்கு முன், 1985 செப்டம்பர் 19 காலையில், மெக்சிகோ நகரின் போக்குவரத்துத் துறை வளாகத்தில் இருந்த ஒரு கருவி பதிந்த உச்ச முடுக்கம் 0.17 ஜி. சுகிதாதேயின் எண்ணில் பதினாறில் ஒரு பங்கு. அந்த நகரில் 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

மிகப் பெரிய எண் பதிவான இடத்தில் கட்டடங்கள் நிற்க, சிறிய எண் பதிவான இடத்தில் அவை விழுந்திருக்கின்றன. தரை எவ்வளவு குலுங்கியது என்பதை எப்படி அளப்பது, அளந்த எண்ணுக்கும் கட்டடத்தின் கதிக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு நிலநடுக்கப் பொறியியல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக விடை தேடிவருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். செய்தித்தாள்களில் வரும் “ரிக்டர் அளவுகோலில் 7.1” என்ற எண் எந்த ஊரின் குலுக்கலையும் சொல்வதில்லை. பூமிக்குள் பாறை பிளந்து நழுவியதில் வெளிப்பட்ட மொத்த ஆற்றலின் அளவு அது. நிலநடுக்கம் ஒன்றுக்கு எண்ணும் ஒன்றுதான். சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிபோர்னியாவின் நிலநடுக்கங்களுக்காக வகுத்த அளவுகோல், பெரிய நிலநடுக்கங்களில் ஓர் எல்லைக்கு மேல் தேங்கிப்போகும் என்பதால், 1970களின் இறுதியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்க்ஸும் உருவாக்கிய திருப்புத்திறன் அளவே இன்று பயன்படுகிறது. செய்திகளில் ரிக்டரின் பெயர் மட்டும் பழக்கதோஷத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த அளவில் ஓர் எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும்.

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும்போது அதில் கிட்டித்த மருந்தின் அளவு ஒன்றுதான். வேட்டுக்கு அருகில் நிற்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார். ஊர் எல்லையில் இருப்பவருக்கு அது ஒரு சின்ன முழக்கம். நிலநடுக்கத்தின் அளவு என்பது மருந்தின் கணக்கு. ஓர் இடத்தில் உணரப்படும் தீவிரம் காதின் கணக்கு. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் இரண்டின் வேறுபாட்டை ஆறு மாதங்களுக்குள் கண்டது. 2010 செப்டம்பர் 4 அன்று நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் 7.1 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து யாரும் சாகவில்லை. 2011 பிப்ரவரி 22 அன்று, ஆற்றலில் அதற்குப் பல மடங்கு சிறியதான 6.2 அளவு நிலநடுக்கம் நகரின் விளிம்பிலேயே, ஆழமற்ற இடத்தில் வெடித்தது. ஹீத்கோட் பள்ளத்தாக்கில் செங்குத்து முடுக்கம் 2 ஜி-யைத் தாண்டியது. 185 பேர் இறந்தனர். அவர்களில் 115 பேர் தொலைக்காட்சி நிலையம் இயங்கிய ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள்.

கருவிகள் வருவதற்கு முன் தீவிரத்தை அளக்க மனிதர்களும் வீடுகளுமே அளவுகோலாக இருந்தார்கள். தூங்கியவர்கள் விழித்தார்களா, தொங்கவிட்ட விளக்கு ஆடியதா, பரணிலிருந்து பாத்திரம் விழுந்ததா, புகைபோக்கி சரிந்ததா என்று விசாரித்து ஊருக்கு ஊர் ஓர் எண் கொடுப்பார்கள். இத்தாலியரான ஜூசெப்பே மெர்க்கல்லி 1902இல் சீரமைத்த அளவுகோல், 1931இல் அமெரிக்காவில் திருத்தப்பட்டு ஒன்று முதல் பன்னிரண்டு வரையான படிகளோடு இன்றும் வழங்குகிறது. 1964இல் வகுக்கப்பட்ட எம்.எஸ்.கே. அளவுகோல் இந்தியாவில் பழக்கம். 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் வட்டாரத்தில் ஏற்பட்டுத் தென்னிந்தியா முழுவதும் உணரப்பட்ட நிலநடுக்கத்தின் அளவு சுமார் 6 என்று இன்று சொல்ல முடிவதும் இப்படிப்பட்ட ஊர்க் குறிப்புகளைக் கொண்டுதான்.

இந்த முறையில் ஒரு சுற்று வாதம் இருக்கிறது. சேதத்தைப் பார்த்துத் தீவிரத்தைக் கணித்துவிட்டு, அந்தத் தீவிரத்தால்தான் இவ்வளவு சேதம் என்று சொன்னால் கட்டடத்தின் குறை தரையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். மண்சாந்தில் கருங்கல் அடுக்கிய வீடு, 1993இல் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் நடந்ததுபோல, நடுத்தரமான குலுக்கலுக்கே குவியலாகிவிடும். தரை என்ன செய்தது என்பதைக் கட்டடத்தைக் கேட்காமல் அறிய வேண்டுமானால் கருவி வேண்டும்.

உலகின் மறுகோடியில் நடக்கும் நிலநடுக்கத்தைக்கூட உணரும் நுட்பமான நிலநடுக்கமானிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டன. ஆனால் அருகில் பெரிதாக அதிர்ந்தால் அவற்றின் முள் வரம்பைத் தாண்டி ஓடிவிடும்; சரியாகச் சேதம் நடக்கும் இடத்தில் அவை குருடு. அதனால் முரட்டுக் குலுக்கலைத் தாங்கிப் பதியும் முடுக்கப் பதிவி என்ற வேறொரு கருவி தேவைப்பட்டது. இதன் உள்ளே ஒரு சிறு எடையும் அதைப் பிடித்திருக்கும் விறைப்பான வில்லும் உண்டு. தரை இழுக்கும்போது எடை சற்றே பின்தங்கும்; வில் விறைப்பாக இருப்பதால் அந்தப் பின்தங்கல் தரையின் முடுக்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அதை ஒளிக்கீற்றால் படச்சுருளில் பதிந்தார்கள். இன்று அந்த எடையும் வில்லும் சிலிக்கான் சில்லுக்குள் மயிரிழையாகச் சுருங்கிவிட்டன. செல்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் திரையும் கூடவே திரும்புவதும் இந்த வகைச் சில்லால்தான்.

அமெரிக்க அரசு 1932இல் கலிபோர்னியாவில் இந்தக் கருவிகளைப் பொருத்தத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1933 மார்ச் 10 அன்று, லாங் பீச் நிலநடுக்கம் முதல் பதிவுகளைத் தந்தது. 1940 மே மாதம் எல் சென்ட்ரோ நகரில் பதிவான குலுக்கல், உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஜி, பிறகு பல பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் கட்டடப் பொறியியல் மாணவர்களின் பாடமானது. இந்தியாவில் 1967 டிசம்பரில் கொய்னா அணையின் உள்ளே இருந்த கருவி 0.6 ஜி-யைத் தாண்டிய உச்சத்தைப் பதிந்தது. நிலநடுக்கமே வராது என்று கருதப்பட்ட தக்காணத்தில் அப்படியோர் எண் பதிவானது அன்று பெரும் அதிர்ச்சி.

பதிவான சுருளில் இருப்பது மேலும் கீழுமாகத் துடிக்கும் ஒரு கோடு. அதன் மிக உயர்ந்த முனையே உச்ச முடுக்கம். எல்லாரும் முதலில் கேட்கும் எண் இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓட்டுநர் சட்டென்று பேருந்தைக் கிளப்பும்போது நின்றுகொண்டிருப்பவரின் கால் வண்டியோடு போய்விடும். உடல் பின்னால் சாயும். கட்டடமும் அப்படித்தான். அடித்தளம் தரையோடு போகிறது, மேல்தளம் நிலைமத்தால் பழைய இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, இடையில் மாட்டிக்கொள்வது தூண்கள். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை. ஆகவே முடுக்கம் தெரிந்தால் கட்டடத்தின் மேல் விழுந்த பக்கவாட்டுத் தள்ளல் தெரிந்துவிடும் என்பது முதல் தலைமுறைப் பொறியாளர்களின் எதிர்பார்ப்பு.

அந்தக் கணக்கு பிசகும் இடம் நேரம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தரை நொடிக்கு 10 தடவை அதிர்ந்து ஒரு ஜி உச்ச முடுக்கத்தைத் தொடுகிறது என்று கொண்டால், அது நடுநிலையிலிருந்து நகரும் தூரம் வெறும் இரண்டரை மில்லிமீட்டர். உச்ச வேகம் நொடிக்கு 16 சென்டிமீட்டர். அதே தரை 2 நொடிக்கு ஒரு தடவை மெதுவாக ஆடி 0.17 ஜி மட்டுமே தொட்டால், நகரும் தூரம் 17 சென்டிமீட்டர், வேகம் நொடிக்கு 53 சென்டிமீட்டர். முடுக்கத்தில் ஆறில் ஒரு பங்கான குலுக்கல், நகர்வில் ஏறக்குறைய 70 மடங்கு பெரியது. முதல் வகையில் தூண் ஒரு பக்கம் வளையத் தொடங்கும் முன்பே தரை மறுபக்கம் திரும்பிவிடுகிறது. இரண்டாவது வகை, வளைய வேண்டிய அவகாசம் முழுவதையும் கொடுத்து வளைக்கிறது.

இதை உணர்ந்துதான் ஜப்பான் வானிலை முகமை தன் ஷிண்டோ தீவிர அளவில் உச்ச முனையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பதிவிலிருந்து மிக உயர்ந்த அதிர்வெண்களைச் சலித்துவிட்டு, மொத்தம் 0.3 நொடியாவது நீடித்த மட்டத்தையே கணக்கில் கொள்கிறது. 0 முதல் 7 வரையான இந்த அளவில், 5, 6 ஆகியவை கீழ், மேல் என்று இரண்டாகப் பிரிவதால் பத்துப் படிகள். அதிகாரிகள் நேரில் பார்த்து மதிப்பிட்ட பழைய வழக்கம் 1995 கோபே நிலநடுக்கத்தில் அறிவிப்புத் தாமதத்துக்குக் காரணமானதால், 1996 முதல் கருவிகளே எண்ணைச் சொல்கின்றன. அதே ஆண்டு நாடு முழுவதும் சுமார் ஆயிரம் இடங்களில் கே-நெட் என்ற முடுக்கப் பதிவி வலை அமைக்கப்பட்டது. சுகிதாதேயின் கருவி அந்த வலையில் ஒன்று. இவ்வளவு சலித்தும் சுகிதாதேக்கு ஷிண்டோவின் உச்சப் படியான 7 கிடைத்தது என்பது வேடிக்கை. அங்கே தரை நொடிக்கு நான்கைந்து தடவை துடித்தது. ஜப்பானிய மரவீடுகளை உண்மையில் சாய்ப்பது ஒன்று முதல் இரண்டு நொடிக்கு ஒரு தடவை வரும் வீச்சு. 1995இல் கோபேயில் வந்தது அந்த வகை. அங்கே உச்ச முடுக்கம் 0.8 ஜி-யை ஒட்டித்தான் இருந்தது. கனத்த ஓடு வேய்ந்த பழைய வீடுகள் வரிசையாகப் படுத்தன, ஹான்ஷின் விரைவுச்சாலையின் 635 மீட்டர் நீளப் பகுதி தூண்களோடு பக்கவாட்டில் கவிழ்ந்தது, 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

ஆக, தரையின் துடிப்புக்கும் கட்டடத்தின் துடிப்புக்கும் உள்ள பொருத்தமே விஷயம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென ஓர் அலைவு நேரம் உண்டு. ஒரு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடித் திரும்ப எடுக்கும் நேரம். மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. ஒரு மாடி வீடு நொடியின் பத்திலொரு பங்கில் ஆடி முடிக்கும். பத்து மாடிக்கு ஒரு நொடி ஆகும். தலையில் நிறைகுடத்தோடு நடப்பவர் அறிந்த விஷயம் இது. குடத்து நீரின் தளும்பலும் கால் வைக்கும் தாளமும் ஒத்துப்போனால் நான்கே அடியில் நீர் வழியும். நடையை மாற்றினால் அடங்கிவிடும். இயற்பியல் பாடம் இதை ஒத்ததிர்வு என்கிறது.

அப்படியானால் தரையை மட்டும் அளப்பதைவிட, வெவ்வேறு அலைவு நேரமுள்ள கட்டடங்கள் அந்தத் தரைமேல் எவ்வளவு ஆடியிருக்கும் என்று அளப்பது பொருத்தம். மாரிஸ் பியோ 1930களில் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் முன்வைத்த இந்த யோசனையை ஜார்ஜ் ஹவுஸ்னர் வளர்த்தெடுத்தார். ஒரு மேசையில் குட்டையும் நெட்டையுமாக வரிசையாகக் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குண்டை வைத்து மேசையைக் குலுக்கினால், ஒவ்வொரு குண்டும் எவ்வளவு ஆடியது என்று குறித்துக்கொள்ளலாம். அலைவு நேரம் கிடைக்கோட்டில், ஆட்டம் செங்கோட்டில் என்று வரைந்தால் கிடைப்பது துலங்கல் நிறமாலை. இன்று உலகின் பெரும்பாலான நிலநடுக்க விதிநூல்கள் இந்த வரைபடத்தின் மேல்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தக் குச்சிவரிசையையே இந்தியாவில் ரூர்க்கி நகரில் மலிவான ஒரு கருவியாகச் செய்தார்கள். வெவ்வேறு அலைவு நேரமுள்ள ஊசல்களின் முனையில் ஒரு முள். புகை படியவைத்த கண்ணாடியில் அந்த முள் கீறும். மின்சாரமோ கடிகாரமோ வேண்டாம். 2001இல் குஜராத்தின் கச் பகுதியில் நிலநடுக்க மையத்துக்கு அருகே குலுக்கலின் வலிமையைச் சொல்லக் கிடைத்தவை பெரும்பாலும் இந்தப் புகைக்கண்ணாடிக் கீறல்களே.

இப்போது மெக்சிகோவுக்குத் திரும்பலாம். நிலநடுக்க மையம் நகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பால், பசிபிக் கரையோரத்தில் இருந்தது. அவ்வளவு தொலைவு வருவதற்குள் விரைவுத் துடிப்புகள் பாறையிலேயே மடிந்துவிட, மெதுவான அலைகள் மட்டும் வந்து சேர்ந்தன. நகரின் ஓரத்தில் கெட்டியான எரிமலைத் தரைமேல் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் பதிவானது 0.03 முதல் 0.04 ஜி, பலர் சாதாரணமாகக் கடந்துபோயிருக்கக்கூடிய குலுக்கல். நகரின் நடுப்பகுதி நிற்பது அஸ்டெக் மக்களின் தலைநகரம் மிதந்த டெஸ்கோகோ ஏரியின் படுகையில். அங்கே நாற்பது மீட்டர் ஆழத்துக்குப் பஞ்சுபோல் நீர் ஊறிய களிமண். அதில் குறுக்கலைகள் நொடிக்கு வெறும் 75 மீட்டர் போலத்தான் நகரும். ஆழத்தை நான்கால் பெருக்கி இந்த வேகத்தால் வகுத்தால் மண்ணின் சொந்த அலைவு நேரம் கிடைத்துவிடும்: சுமார் 2 நொடி. வந்த அலையில் அதே 2 நொடித் தாளம் தூக்கலாக இருந்தது. ஏரிக்களி அதைப் பிடித்துக்கொண்டு, தட்டில் வைத்த அல்வாவைப் போல ஆடியது.

அதன்மேல் நின்ற கட்டடங்களில் அடி வாங்கியவை பெரும்பாலும் ஆறு முதல் பதினைந்து மாடிவரை உள்ளவை. பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் அலைவு நேரம் ஒரு நொடியை ஒட்டியதுதானே, 2 நொடித் தாளம் அதை எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வி எழலாம். இந்த விஷயத்தின் மிகக் கொடூரமான நுட்பம் இங்கேதான். முதல் சில ஆட்டங்களில் கான்கிரீட்டில் விரிசல் விழும். விரிசல் விழுந்த கட்டடம் இளகும். இளகியதன் அலைவு நேரம் நீளும். ஒவ்வொரு காயமும் கட்டடத்தை 2 நொடிக்கு இன்னும் சற்று நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தியது. ஒரே தாளம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. இரண்டு மாடிப் பழைய வீடுகள் அலைவு நேரம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் தப்பின. 1956இல் கட்டிய 44 மாடி லத்தீன் அமெரிக்கக் கோபுரமும், அதன் அலைவு நேரம் 2 நொடியைவிட மிக நீளம் என்பதால், நின்றது.

சரியாக 32 ஆண்டுகள் கழித்து, 2017இல் அதே செப்டம்பர் 19 அன்று, 1985இன் நினைவாக நடத்திய பாதுகாப்பு ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரத்தில், நகரம் மறுபடி குலுங்கியது. இம்முறை அளவு 7.1தான், ஆனால் மையம் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில். விரைவுத் துடிப்புகள் மடிவதற்குள் வந்து சேர்ந்தன. இடிந்த சுமார் 40 கட்டடங்களில் பெரும்பகுதி நான்கு முதல் எட்டு மாடி. நகரமும் மண்ணும் அதேதான், விழுந்த கட்டடங்களின் உயரம் மட்டும் மாறிவிட்டது.

முடுக்கத்தைவிட உச்ச வேகம் சேதத்தோடு நன்றாக ஒத்துப்போகிறது என்பதும் பதிவுகள் சேரச் சேரத் தெரிந்தது. கட்டடத்துக்குள் புகும் ஆற்றல் வேகத்தைச் சார்ந்தது. மண்ணுக்குள் ஓடும் குடிநீர்க் குழாய்கள் முறிவதும் வேகத்தைப் பொறுத்தே, ஏனென்றால் தரை எவ்வளவு இழுபடுகிறது என்பதை அது காட்டுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் நிலநடுக்கம் நடந்த சில நிமிடங்களில் வெளியிடும் ஷேக்மேப் வரைபடம், தொடக்க ஆண்டுகளில் மெல்லிய குலுக்கலுக்கு முடுக்கத்தையும் கடுமையான குலுக்கலுக்கு வேகத்தையும் நம்பியது. டேவிட் வால்ட் குழுவினர் கலிபோர்னியப் பதிவுகளைக் கொண்டு 1999இல் வகுத்த அட்டவணைப்படி, நொடிக்கு 16 முதல் 31 சென்டிமீட்டர் உச்ச வேகம் மெர்க்கல்லியின் ஏழாம் படிக்கு, அதாவது நடுத்தரச் சேதத்துக்குச் சமம். 60ஐத் தாண்டினால் ஒன்பது. நிவாரணப் படையை எந்தத் திசையில் அனுப்புவது என்று முடிவெடுக்க இது போதுமான வழிகாட்டி.

ஆனால் வேகமும் கைவிடும் நேரம் உண்டு. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் நிலம் நடுங்கியபோது காட்மாண்டுவில் உச்ச முடுக்கம் 0.16 ஜி, உச்ச வேகமோ நொடிக்கு ஒரு மீட்டரை ஒட்டியது. அட்டவணையை அப்படியே நம்பினால் நகரில் பாதி போயிருக்க வேண்டும். நாடு முழுவதும் ஏறக்குறைய 9,000 பேர் இறந்த பேரழிவு அது, மலைக் கிராமங்கள் பல மண்ணோடு மண்ணாயின. ஆயினும் காட்மாண்டுவின் மூன்று, நான்கு மாடி வீடுகளில் அஞ்சிய அளவுக்கு அழிவு இல்லை. அந்த வேகம் முழுவதும் நான்கைந்து நொடிக்கு ஒரு தடவை வரும் மந்தமான ஆட்டத்தில் இருந்தது. அரை நொடிகூட அலைவு நேரம் இல்லாத குட்டை வீடு, மெதுவாக ஆடும் படகில் உட்கார்ந்தவர்போல் தரையோடு சேர்ந்து போய் வந்தது.

இவற்றோடு குலுக்கல் நீடிக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். கம்பி கட்டுபவர் கட்டுக்கம்பியை ஒருமுறை வளைத்தால் அது முறியாது. நாலைந்து முறை முன்னும் பின்னுமாக வளைத்தால் கையோடு வந்துவிடும். இரண்டு நிலநடுக்கங்களின் உச்சம் ஒன்றாகவே இருந்தாலும், ஒன்று பத்து நொடியில் அடங்க மற்றது இரண்டு நிமிடம் நீடித்தால், இரண்டாவதில் முறியும் தூண்கள் அதிகம். சிலி நாட்டுப் பொறியாளர் அர்துரோ அரியாஸ் 1970இல் முன்வைத்த அளவு, முடுக்கத்தின் வர்க்கத்தை நேரம் முழுவதற்கும் கூட்டி, உச்சத்தையும் நீடிப்பையும் ஒரே எண்ணில் அடக்குகிறது. நிலச்சரிவைக் கணிக்க இது நன்றாகப் பயன்படுகிறது. நீர் ஊறிய மணல் நீண்ட குலுக்கலில் குழம்பாகிவிடுவது தனிக்கதை. 1964இல் ஜப்பானின் நிகாடாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெரிதாக உடையாமல் அப்படியே மல்லாந்து சாய்ந்தன. அங்கே தோற்றது கட்டடம் அல்ல, மண்.

தரைப்பக்கக் கணக்கு இவ்வளவு. கட்டடத்தின் பக்கம் வந்தால், அங்கே சேதத்தை நேரடியாகச் சொல்லும் அளவு முடுக்கமும் அல்ல, வேகமும் அல்ல. ஒரு தளத்துக்கும் அதன் மேல்தளத்துக்கும் இடையே ஏற்படும் பக்கவாட்டு விலகல். இந்திய விதிநூலான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு, வடிவமைப்பு விசைக்கு இந்த விலகல் மாடி உயரத்தில் 0.4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று மீட்டர் உயர மாடிக்கு 12 மில்லிமீட்டர், சுண்டுவிரல் தடிமன். மூன்று மாடிகள் சேர்ந்து 36 மில்லிமீட்டர் விலகினால் ஆளுக்குப் பன்னிரண்டு என்று பங்கு போட்டுக்கொள்ளும். ஆனால் மேல்மாடிகளில் சுவர் அடைத்து, தரைத்தளத்தை வாகனம் நிறுத்த வெறும் தூண்களோடு விட்டால், மேலே உள்ளது ஒரே பெட்டியாக விறைத்து நிற்க, 36 மில்லிமீட்டரும் கீழ்த்தூண்களின் தலையில் வந்து விழும்.

2001 ஜனவரி 26 அன்று அகமதாபாத்தில் நடந்தது அதுதான். கச் நிலநடுக்கத்தின் மையம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால். நகரில் ஒரு பலமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பதிவான உச்ச முடுக்கம் சுமார் 0.11 ஜி மட்டும். சபர்மதியின் ஆழமான வண்டல்மேல் நின்ற சுமார் 70 பலமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை கீழே வாகன நிறுத்தமாகத் திறந்துவிடப்பட்டவை. இந்திய நிலநடுக்க வரைபடத்தின் 2002 திருத்தத்தில் அகமதாபாத் மண்டலம் 3. அந்தத் திருத்தத்தில் மண்டலம் 2-இலிருந்து உயர்த்தப்பட்ட சென்னையும் அதே மண்டலம் 3-இல்தான் வந்தது, தூண்மேல் நிற்கும் அடுக்ககங்களுக்கும் அங்கே குறைவில்லை.

விதிநூலின் எண்களை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு ஒரு திகைப்பு வரும். 2016 பதிப்பின்படி மண்டலம் 3-இல் ஒரு நான்கு மாடிக் கான்கிரீட் குடியிருப்பை நெகிழ்வுக்கான சிறப்பு வேலைப்பாட்டுடன் கட்டினால், அதன் எடையில் 4 விழுக்காட்டுக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கினால் போதும். ஆயிரம் டன் கட்டடத்துக்கு 40 டன். ஆனால் அதே விதிநூல் எதிர்பார்க்கும் குலுக்கலில், விரிசலே விழாமல் நிற்க வேண்டுமானால் 200 டன் தேவை. மீதி ஐந்தில் நான்கு பங்கை வலிமையால் அல்ல, உடையாமல் வளைவதால் ஈடுகட்ட வேண்டும் என்பது உடன்பாடு. கட்டடம் காயப்படலாம், விழக் கூடாது.

அந்த உடன்பாடு நிறைவேறுவதும் முறிவதும் கட்டுமான இடத்தில் ரிங் என்று சொல்லப்படும் சதுரக் கம்பி வளையத்தில் இருக்கிறது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் இந்த ரிங்கின் முனையை 135 பாகைக்கு மடக்கி, வாலைத் தூணின் உள்வயிற்றுக்குள் செருக வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920 என்ற இன்னொரு விதிநூல். வேலை சுலபம் என்று 90 பாகையில் மடக்கிவிட்டால் சாதாரண நாளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. குலுக்கலில் தூணின் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த ரிங் வாயைத் திறக்கும். நெடுங்கம்பிகள் விளக்குமாற்றுக் குச்சிகள்போல வெளியே விரியும். உள்ளே இருந்த கான்கிரீட் கொட்டிவிடும். 2001இல் குஜராத்திலும், 50,000க்கும் மேற்பட்டோர் இறந்த 2023 துருக்கி நிலநடுக்கத்திலும் எடுத்த படங்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. துருக்கியில் சில இடங்களில் குலுக்கல் விதிநூலின் எதிர்பார்ப்பையே மீறியது உண்மை. அதே தெருவில் விழாமல் நின்ற கட்டடங்கள் இருந்ததும் உண்மை.

இந்தக் காரணங்களால்தான் பொறியாளர்கள் இன்ன குலுக்கலுக்கு இந்தக் கட்டடம் விழும் என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை. இந்த வகைக் கட்டடம் நூறு இருந்தால், இந்த அலைவு நேரத்தில் இவ்வளவு ஆட்டம் வந்தால், இத்தனை லேசாக விரியும், இத்தனை சாயும் என்று நிகழ்தகவாகச் சொல்கிறார்கள். காப்பீட்டு நிறுவனங்களும் பேரிடர் மேலாண்மைத் துறைகளும் போடும் கணக்கு இதுவே.

அண்மைக் காலத்தில் அளவீடு தரையிலிருந்து மாடிக்கு ஏறியிருக்கிறது. 2011 ஜப்பான் நிலநடுக்க மையத்திலிருந்து சுமார் 770 கிலோமீட்டர் தொலைவில் ஒசாகாவில் 55 மாடி அரசு அலுவலகக் கோபுரம் ஒன்று உண்டு. அன்று அதன் காலடியில் ஷிண்டோ வெறும் 3. உச்சி மட்டும் ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல், ஏறக்குறைய பத்து நிமிடம், ஆடிக்கொண்டே இருந்தது. உட்கூரைப் பலகைகள் விழுந்தன, மின்தூக்கிகளில் ஆட்கள் சிக்கிக்கொண்டார்கள். தரையிலிருக்கும் எந்த ஒற்றை எண்ணாலும் அந்த ஆட்டத்தைச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஜப்பான் வானிலை முகமை 2013 முதல், உயர்ந்த கட்டடங்களில் இருப்பவர்களுக்காக, நெடிய அலைவு நேரக் குலுக்கலை நான்கு படிகளாகப் பிரித்துத் தனியே அறிவிக்கத் தொடங்கியது. 2023 பிப்ரவரியிலிருந்து முன்னெச்சரிக்கையிலும் அதைச் சேர்த்துவிட்டது.